மூன்று ஸ்பேடுக்கு டபுள்

தியன்ஜின் பஸ் டெப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறித்தே காலம் கழித்தவள் தாவ் ருய்ஜென். ஓய்வுக்குப் பிறகு டெப்போவின் பிரிட்ஜ் சீட்டாட்ட அணியில் ஆடினாள். எத்தனையோ பேரைக் காத்திருக்க வைத்தவளுக்கு, சீட்டு மேசையில் தன் முறை வந்தால் சட்டென்று முடிவெடுக்க வராது.

போன மாதம் எதிராளி கேட்ட மூன்று ஸ்பேடுக்கு டபுள் போட்டாள்: கவிழ்ந்தால் அவனுக்கு அபராதம் இரட்டிப்பு, எடுத்துவிட்டால் புள்ளி இரட்டிப்பு. முடியாது என்று அவள் சவால் விட்டதை எதிராளி எடுத்துக் காட்டினான். அணி தோற்றது. தலைவர் கோவ் சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, தாவ் அக்கா, நீங்க வெளிய உக்காந்து கைதட்டுங்க."

இன்று கடைசி ஆட்டத்தில் வலப்பக்கத்து வாலிபன் அதே மூன்று ஸ்பேட் கேட்டான். ஸ்பேடைத் துருப்பாக வைத்து, பதின்மூன்று பிடியில் அவன் ஒன்பது எடுக்க வேண்டும். ருய்ஜென் ஜோடி ஐந்து பிடித்தால் கவிழ்வான். ருய்ஜென்னிடம் ஸ்பேடில் ராஜாவும் ஜாக்கியும். ஒரு ஏஸ். ஆக மூன்று. மிச்சம் இரண்டும் எதிரே இருக்கும் கூட்டாளி ஃபானிடமிருந்து வர வேண்டும். முதலில் கேட்டு ஆட்டத்தைத் திறந்தவர் அவர்தான், நல்ல சீட்டு இருக்கும். ஆனால் அவர் பலமெல்லாம் ஹார்ட்ஸிலேயே இருந்து, வாலிபன் அதைத் துருப்பால் வெட்டிவிட்டால்?

விரல் சிவப்பு டபுள் அட்டைமேல் போயிற்று, திரும்பி வந்தது.

"என்னக்கா, வண்டி கிளம்புமா, ஷெட்டுக்கே திரும்புமா?" என்றான் வாலிபன்.

பாஸ் சொல்லிவிடலாம், வேண்டுமானால் ஃபான் போடட்டும். பச்சை பாஸ் அட்டையை எடுக்கப் போனபோதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் யோசித்ததே ஃபானுக்குச் சேதி சொன்ன மாதிரி. கூட்டாளியின் தயக்கத்தைப் பார்த்து ஆடக் கூடாது என்பது விதி. ஃபான் அதில் மயிரிழை பிசகாத ஆள். அவள் பாஸ் சொன்னால் அவரும் பாஸ்தான். யோசித்து யோசித்து அவர் கையையும் கட்டிப்போட்டிருந்தாள்.

சிவப்பு அட்டையை வைத்தாள். மூவரும் பாஸ்.

நான்கு பிடி சீக்கிரமே வந்தன. ஐந்தாவது வரவே இல்லை. வாலிபன் மளமளவென்று அடுக்கிக்கொண்டே போனான். கடைசிக்கு முந்தின பிடியில் ஃபான் டயமண்ட் ராஜாவைப் போட்டு ஐந்தாவதை எடுத்தார். வாலிபன் கையிலிருந்த சீட்டை மேசையில் போட்டுவிட்டான்.

வராந்தாவில் கோவ் புள்ளிகளை ஒப்பிட்டார். "அடுத்த மேசையில இதே சீட்டுங்கள பக்கம் மாத்தி ஆடினோம்ல, அங்க எங்களுக்கும் அதே மூணு ஸ்பேட்தான். ஒண்ணு கொறஞ்சோம். எங்களுக்கு யாரும் டபுள் போடல, அதனால அபராதம் பாதிதான். அந்த வித்தியாசத்துலதான் ஜெயிச்சிருக்கோம். அடுத்த ஞாயிறும் நீங்களே உக்காருங்க அக்கா."

ருய்ஜென் ஃபானைத் தனியே நிறுத்தினாள். "நான் பாஸ் சொல்லியிருந்தா நீங்க போட்டிருப்பீங்களா?"

"யோசிக்காம சொல்லியிருந்தா, போட்டிருப்பேன்."

"யோசிச்சேனே?"

"அப்புறம் எப்படிப் போடுறது? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு யாரோடு ஆட்டம் என்று கேட்டாள். மின்நிலைய அணி என்றார். மின்நிலையத்தார் எடுத்த எடுப்பிலேயே உயரக் கேட்பவர்கள். அங்கே யோசிக்க அவகாசமே இருக்காது.