சேற்று டயரும் காய்ந்த பாதையும்

பல் செட் செய்கிறவருக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் சைக்கிள் ஆசை வந்தது. ஆசை வந்ததற்கும் சைக்கிளில் ஏறியதற்கும் நடுவே ஏழு மாதம் ஓடிவிட்டது. அந்த ஏழு மாதமும் அவர் டயர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பல் மருத்துவமனையின் மாடியறை அவருடைய வேலைக்கூடம். ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் வெள்ளை மாவில் வார்த்த ஊரார் வாய்கள் வரிசையாக. இருபத்தாறு வருடம் ஒரே சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் மெல்லுவதற்கு வழி செய்தவர், தன் இடுப்பைக் கவனிக்கவில்லை. ஒருநாள் உருண்டு விழுந்த கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. மேசைக்கடியில் மண்டிபோட்டபடியே கால்மணி நேரம் இருந்தார். யாராவது வந்தால் என்ன சொல்வது என்று யோசித்ததில் வலிகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது.

மனைவியின் தம்பி பஸ் டிரைவர். விடுமுறை நாளில் நாலைந்து பேரோடு கல்குவாரிப் பக்கம் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவன்.

"எங்ககூட வாங்க மாமா. உடம்பு தானா வழிக்கு வந்துடும்."

"வரேன். முதல்ல எந்த டயர்னு முடிவு பண்ணிக்கிறேன்."

"பாதி தார், பாதி சரளை. நடுத்தரமா ஒண்ணு போடுங்க, போதும்."

நடுத்தரம் என்ற சொல்லே அவருக்கு ஆகவில்லை. பல்லின் உயரத்தைக் காகிதத் தடிமனுக்குச் சரிபார்த்தே பழகியவரிடம் போய் நடுத்தரம் என்றால்? அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வழுவழு டயர் தாருக்கு. மேலே துருத்துகிற சின்ன ரப்பர் கட்டைகள் காய்ந்த மண்ணுக்கு. ஆழமான கட்டைகள் சேற்றுக்கு. கண்ணை மூடினால் கட்டைகளாகவே தெரிந்தன. கட்டை என்று மற்றவர்கள் சொன்னார்கள், அவருக்கு அவை பற்கள்.

புத்தி அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைக்காரரிடம் கெஞ்சி மூன்று டயர்களை ஒருநாளைக்கு வாங்கி வந்து, வாய் அச்செடுக்கிற ரோஸ் நிறப் பசையில் அழுத்தி, மாவு வார்த்து, அச்சு அச்சாக மேசையில் நிறுத்தினார். ஒரு வேலையாக மேலே வந்த பெண் மருத்துவர் அதில் ஒன்றைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோட வாய்?"

"அது... டயர், டாக்டர்."

மருத்துவர் சிரிக்கவில்லை. "மேல் தாடையா, கீழ் தாடையா?" என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் மருத்துவமனை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

வீட்டிலும் நிம்மதியில்லை. "என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்ல உங்களுக்கு அரைமணி நேரம்தான் ஆச்சு. ஒரு ரப்பருக்கு ஏழு மாசமா?" என்றாள் மனைவி.

"அப்ப எனக்கு இவ்வளவு விவரம் கிடையாது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. இரண்டு நாள் தானே பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார்.

கடைசியில் இருப்பதிலேயே ஆழமான பல் வைத்த சேற்று டயரை வாங்கினார். மழை பெய்து நாலு மாதமாகியிருந்தது. அதைப் பற்றி அவர் படித்த எந்தக் குறிப்பிலும் போட்டிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தார் ரோட்டில் அவர் சைக்கிள் தேன்கூடு கலைந்த மாதிரி ரீங்கரித்துக்கொண்டு போனது. முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. உள்ளே இரண்டு காற்றுப் பம்பு, மூன்று டியூப், கட்டுத்துணி, விசில், திசைகாட்டி. குவாரி வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குத் திசைகாட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை என்பதில் அவருக்கு லேசான வருத்தம்.

சரளை தொடங்கியதும் சைக்கிள் பொரிகிற கடுகு மாதிரி துள்ளியது. முதல் வளைவிலேயே சறுக்கி, பைகள் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்தார். முழங்கை சிராய்ந்தது. மச்சினன் ஓடிவந்து தூக்கிவிட்டு, டயரை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கே! எவ்வளவு காத்து வச்சீங்க?"

"டயர்மேல எழுதியிருக்கிற அளவு."

"மாமா, அது அதுக்கு மேல போகக் கூடாதுங்கற அளவு!"

ஏழு மாதப் படிப்பில் அந்த ஒரு வரி எப்படியோ தப்பிவிட்டது. மச்சினன் வால்வை அழுத்தினான். புஸ்ஸென்று காற்று வெளியேறியது, கூடவே மாமாவின் பாண்டித்தியமும். மறுபடி ஏறி மிதித்தபோது பாதை வேறு பாதையாக இருந்தது. கற்கள் உதைக்கவில்லை, அமுங்கி வழிவிட்டன. குவாரிக் குட்டை வரைக்கும் வாயைத் திறந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி போனார்.

திரும்பும் வழியில் மச்சினனின் டயர் பஞ்சர். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். தன் காலம் வந்துவிட்டது என்று இவர் பையைத் திறந்தார். இவருடைய மூன்று டியூப்பின் வால்வும் தடிமன், அவன் சக்கர ஓட்டையோ சின்னது. அவனிடம் பொருத்தமான டியூப் ஒன்று இருந்தது. டயரைக் கழற்றுகிற நெம்புகோல்தான் இருவரிடமும் இல்லை.

"தள்ளிக்கோ" என்று சட்டைப்பையிலிருந்து மெழுகு சீவுகிற கத்தியை எடுத்தார். பல் வேலை செய்த கை. நேர்த்தியாக நெம்பி, நேர்த்தியாக டியூப்பை மாற்றி, அதே நேர்த்தியோடு டயரை உள்ளே தள்ளும்போது புது டியூப்பையும் குத்தினார்.

மச்சினன் ரோட்டோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இவருக்கும் சிரிப்பு வந்தது. ஐந்து கிலோமீட்டர் இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். இத்தனை வருடத்தில் மச்சினனோடு அவ்வளவு நேரம் பேசியதே இல்லை என்பது பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. பஸ்ஸில் யாருமில்லாத நேரம் அவன் பாடுவான் என்று அன்றுதான் தெரிந்தது. பாடச் சொன்னார். சுமாராகத்தான் பாடினான்.

அடுத்த வாரம் நடுத்தர டயர் மாட்டினார். இப்போது ஒரு ஞாயிறுகூடத் தவறுவதில்லை. வரிசையில் கடைசி ஆள் அவர்தான், மேட்டில் இறங்கித் தள்ளுகிறவரும் அவர்தான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தபால்காரப் பெண் ஒருத்தி, "எந்த டயர் வாங்கலாம் சார்?" என்று கேட்டாள். "கையில கிடைக்கிறதைப் போடும்மா" என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அரைமணி நேரம் பேசினார். மற்றவர்கள் அதற்குள் குவாரிக்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.