உப்புத்தண்ணி மெத்தை

அப்பா துறைமுகத்தில் லாரி மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்ததில், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஊசி குத்தினாலும் இனி அவருக்குக் காலில் வலிக்காது என்று யாரோ சொன்னபோது, கொடுத்துவைத்தவர் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வகுப்பில் எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான்.

படுத்தே கிடந்தால் புண் வரும், வந்தால் லேசில் ஆறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதற்காகவே மருந்துக்கடையிலிருந்து வாட்டர் பெட் வாங்கி வந்தோம். தண்ணீர் நிரப்பிய ரப்பர் மெத்தை. நானும் ஒருமுறை அதில் ஏறிக் குதிக்கப் பார்த்து முதுகில் ஒன்று வாங்கினேன்.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். சுவருக்கே வியர்க்கும். கொஞ்ச நாளிலேயே ரப்பர் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்தது. தண்ணீர் ஊற்றும் வாயைத் திறந்தால் உள்ளேயிருந்தும் ஈரச்சாக்கு வாடை. இதை அப்பாவின் உடம்புக்குப் போகவிடுவதில்லை என்று அன்றைக்கே அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள். வாரம் தவறாமல் மாமாவைக் கூப்பிட்டு அப்பாவைக் கட்டிலுக்கு மாற்றுவாள். தண்ணீரைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்து, மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, துடைத்துக் காயவைப்பாள். மோப்பம் பிடிப்பது என் வேலை. நான் மூக்கைச் சுளித்தால் மறுபடியும் முதலிலிருந்து தேய்ப்பாள். பூஞ்சையும் லேசுப்பட்டதில்லை, அடுத்த வாரமே வந்து நிற்கும்.

மாமா அம்மாவின் தம்பி. உப்பளத்தில் வேலை. தூக்கித் தூக்கி மாற்றுவது அவருக்கு அலுத்துவிட்டது.

"யக்கா, பாத்தியில என்னைக்காவது பூஞ்சை பாத்திருக்கியா? உப்புத்தண்ணில ஒண்ணும் மொளைக்காது. அதையே ஊத்திருவோம்."

அம்மாவும் உப்பளத்துக்காரர் வீட்டில் வளர்ந்தவள்தானே, உடனே தலையாட்டினாள். வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் உப்புக்கு மேல் டாக்டர் கிடையாது. பாத்தியில் உப்பாக உறைவதற்கு முந்தின கெட்டித் தண்ணீரை மாமா கேன் கேனாக மொபெட்டில் கொண்டுவந்து ஊற்றினார்.

வாடை போயே போய்விட்டது. நான் மெத்தையைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தும் ஒன்றுமில்லை. மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அம்மா தேய்த்த தேய்ப்பில் ரப்பர் ஒட்டு விட்டிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருந்த நேரம், உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. தொடை காந்துது."

அம்மாவும் மாமாவும் ஓடிப்போய் அவரைப் புரட்டினார்கள். விரிப்பு நனைந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வலது தொடையின் பின்பக்கம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. மாமா இரண்டடி பின்னால் நகர்ந்தார். அக்காவின் வாய் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப என்ன சொன்னிய?" என்றாள் அப்பாவிடம்.

"காந்துதுன்னேன்."

அம்மா ஈர விரிப்பில் விரலை ஒற்றியெடுத்து, அந்தச் சிவப்பின் மேல் வைத்தாள். "இங்கனயா?"

அப்பா பல்லைக் கடித்தார். பிறகு, "இன்னொருக்க வை," என்றார்.

அவளும் வைத்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு நான் அங்கே இருப்பதே தெரியவில்லை.

நல்ல தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவி, மருந்து போட்டுவிட்டு, அம்மா வாசலுக்குப் போனாள். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரருக்குத் தொடை காந்துதாம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. புருஷன் வலியில் கிடப்பதை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிற இவளோடு இனிமேல் பேசுவதே இல்லை என்று முடிவு செய்து, அன்று சோறு போட்டுத் தந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.