பஜார் நடுவே பஸ் பாதை

சூடு ஆறாத தாரும் மஞ்சள் பெயின்ட்டும் கலந்த வாசனை... ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் அப்படியே மூக்கில் ஏறும். திருவள்ளூர் பஜார் நடுவே பஸ்ஸுக்கு மட்டும் தனிப்பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

அப்போது எனக்குப் புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மணவாள நகரில் பஸ் ஏறினால் பஜாரைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். எட்டு மணிக்கு கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை லேட்டாகி திரும்பி வந்திருந்தேன். இன்னொரு தடவை என்றால் வேலைக்கே வரவேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

பாதை முடிந்தது. ஓரத்துத் தடுப்புக் கம்பி மட்டும் பாக்கி. கடைக்காரர்களுக்கு வந்ததே கோபம்! கடை முன்னால் வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடுமாம். விடிந்ததும் பஸ் பாதையிலேயே வரிசையாக பைக்குகளை நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டுவிட்டார்கள்.

பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் மேரி அக்கா... கம்பெனியில் எங்கள் லைனில் மூத்தவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே பஸ்ஸிலிருந்த கம்பெனிப் பெண்கள் நாங்கள். கம்பெனியில் இரும்பு டிரே தூக்கும் அதே முறைதான். வண்டிக்கு நாலு பேர், அக்கா "தம்மு" என்றதும் ஒரே மூச்சு. தூக்கிய பைக்கை ஓரத்தில் வைக்கவில்லை. அந்தந்தக் கடை வாசற்படியிலேயே, ஆள் நுழைய முடியாதபடி வைத்தோம்.

பாத்திரக் கடைக்காரர் ஓடிவந்தார். "யார் ஊட்டு வண்டி மேல கை வெக்கிறீங்க?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "நீ லேட்டா வந்தா உன் கடைய நீயே தொறந்துக்குவ நைனா. எங்களுக்கு எவன் தொறப்பான்?"

நாங்கள் அடுத்த வண்டிக்குப் போனோம்.

மறுநாளும் பைக் நின்றது. மறுநாளும் இறங்கினோம். கம்பி வரும்வரை இதே கதைதான்... அப்புறம் நான் ஒருநாள்கூட கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை.

இப்போது என்னிடம் கார் இருக்கிறது. அதே பஜாரில், அந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே, ஜாமில் கிடக்கிறேன். எரிச்சல் வராமலா இருக்கும்? போன வாரம் அந்தப் பாதையை எடுக்கச் சொல்லி எங்கள் தெருவில் மனு போட்டார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, கார் வெச்சிக்கினு நீங்க மட்டும் இன்னா யோசிக்கிறீங்க என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

யோசிக்கவே இல்லை, போட மாட்டேன் என்றேன்.

இன்று காலையும் ஜாம்தான். மடியில் டிபன் பையோடு பஸ் நிறைய பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்...

போகட்டும். நான் நின்றுகொள்கிறேன்.