மண்டைக்குள் தேடிய டாக்டர்

தாம்பரத்து டாக்டர் ஒருவர். நோயாளியின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. எக்ஸ்ரே படத்தைத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரசிப்பார். பக்கத்தில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ.

எழுபதுகளில் ஒருநாள் என் மாமா இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, தவக்கால உபவாசம் என்று வெறும் வயிற்றோடு இருந்தார். மதியம் வேர்த்துக் கொட்டி, உளற ஆரம்பித்தார். டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூளையில கட்டியா இருக்கும். மண்டைய எக்ஸ்ரே எடுங்க!"

படம் வந்தது. அதில் அவர் கட்டி தேடிக்கொண்டிருந்தபோது, மாமா மேஜையிலிருந்த டீயை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "இது எந்த இடம்?" என்றார்.

டாக்டர் திரும்பிக் காலி டம்ளரைப் பார்த்தார்.

"சர்க்கரை வியாதிய வச்சுக்கிட்டு இந்த டீயைக் குடிக்கிறீங்களே, உயிர் மேல ஆசையே இல்லையா?"

மாமா மன்னிப்புக் கேட்டார். உயிரைக் காப்பாற்றியவராம், வருஷம் தவறாமல் அவருக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தனுப்பினார்.