தென்காசியில் யாருக்கு ஹீட்டர்?

எங்கள் கார் என்னைவிட நான்கு வயது மூத்தது. அப்பா சவுதிக்குப் போகும் முன் யாரிடமோ வாங்கிப்போட்ட வெள்ளைக் கார். ஏ.சி. கிடையாது. ஹீட்டருக்கென்று ஒரு சின்னப் பிடி இருந்தது. அதைச் சிவப்புப் பக்கம் தள்ளினாலும் நீலப் பக்கம் தள்ளினாலும் ஒரே காற்றுதான் வரும். தென்காசியில் இருந்துகொண்டு அதற்காக யார் வருத்தப்படுவார்கள்? நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் சாரல் தொடங்கும்வரை நாங்களும் வருத்தப்படவில்லை.

அம்மா செங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். அப்பா போன ஆறாவது மாதம் டிரைவிங் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டுத்தான் பெரியப்பாவிடம் சொன்னாள். குடும்பத்தில் ஒரு ஆணி அடிப்பதானாலும் தன்னிடம் கேட்டுவிட்டே அடிக்க வேண்டும் என்று நினைப்பவர் பெரியப்பா. அவர் அன்று லைசென்ஸை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். காத்திருந்தார்.

அவர் காத்திருந்தது ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் பெண்கள் இரண்டு பேரையும் என்னையும் அம்மா ஐந்தருவிக்குக் கூட்டிப் போயிருந்தாள். திரும்பும்போது காருக்குள் நான்கு ஈரத் தலைகள், நான்கு ஈரத் துண்டுகள். வெளியே சாரல் அடித்ததால் எல்லாக் கண்ணாடியும் மூடியிருந்தது. முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து பால் ஊற்றியது போல வெளுத்துக்கொண்டே வந்தது. நான் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. ஒரு வளைவில் கார் மெல்லச் சாய்ந்து முன்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கியது. பெரிய அக்காவுக்கு உதட்டில் கொஞ்சம் ரத்தம். வேறு சேதமில்லை. குளிக்க வந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து காரைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியவர்களில் ஒருவர், "பொம்பளைக்கு எதுக்குப்பா காரு" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். அம்மாவை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

"என்னட்டி ஆச்சு? நீ சொல்லு."

"அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல பெரியப்பா" என்றேன்.

கண்ணாடி மூடிக்கொண்டதைத்தான் சொன்னேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பெற்ற மகளே சொல்லிவிட்டாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று. அந்த வாக்கியம் இரண்டே நாளில் எங்கள் தெரு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

"இனிமே நீ வண்டியத் தொடப்பிடாது. கடையநல்லூர்ல ஒருத்தர் பழைய வண்டி கேட்டுக்கிட்டு இருக்காரு. அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லுதேன்" என்று சொல்லி, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கண்ணு தெரியாமப் போனது கண்ணாடிக்கு அத்தான், எனக்கில்ல" என்றாள் அம்மா.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அம்மா பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தாள்.

வெப்பக் காற்று அடித்தால் கண்ணாடியில் ஆவி படியாது என்று, மறுநாள் வேலை முடிந்து வந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு காரை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனாள். ஹீட்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் சிரித்துவிட்டார். "வெளிய நின்னாலே நமக்கு ஹீட்டர்தானக்கா. கண்ணாடியில கொஞ்சம் ஷாம்பு தேச்சு விடுங்க, போதும்." தேய்த்துப் பார்த்தோம். வாசனையாக மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் கேட்டேன். "ஏம்மா, எல்லா முள்ளும் ஆடுது, இந்த முள்ளு மட்டும் எப்பவும் படுத்தே கெடக்கு?"

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அது. அம்மா காரை ஓரமாக நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரர்களின் நெற்றியையே தொட்டுப் பழகியவளுக்கு, செங்கோட்டையிலிருந்து ஓடி வந்தும் சூடேறாத எஞ்சின் சரியாகப் படவில்லை.

அன்றிரவு சாப்பிட்டபடியே செல்போனில் வீடியோக்கள் பார்த்தாள். மூணாறுப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் மலையாளத்தில் விளக்கினார். செங்கோட்டையில் பாதி நோயாளிகள் மலையாளம் பேசுபவர்கள் என்பதால் அம்மாவுக்கு அது பழக்கம்தான். எஞ்சினின் சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதன்மேல் காற்றாடி ஊதினால்தான் வெப்பக் காற்று வரும். அவ்வளவுதான் ஹீட்டர்.

விடிந்ததும் பானெட்டைத் திறந்தோம். காற்று வருவதால் காற்றாடியில் பழுதில்லை. பிடியைத் தள்ளினால் கம்பியும் அசைந்தது. அம்மா குழாயைத் தேடிக் கையை உள்ளே விட்டாள். இரண்டு குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே குழாய் இருந்தது. எஞ்சினின் ஒரு வாயிலிருந்து கிளம்பி வளைந்து அடுத்த வாயிலேயே மாட்டியிருந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு முனைகளும் சும்மா நின்றன. ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது.

"எவனோ வேணும்னே பிடுங்கிப் போட்டிருக்கான்" என்றாள். அவள் கண்கள் பளபளத்தன. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் அதே ஆள் கழற்றியிருந்தான். வெயில் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று தன் போக்கில் முடிவு செய்திருப்பான்.

உதிரிபாகக் கடையில், "வீட்டுல ஆம்பளை யாரும் வரலியாம்மா?" என்று கேட்டார்கள்.

"காரு வந்திருக்கு. போதாதா?" என்றாள் அம்மா.

வால்வு, இரண்டு குழாய், கிளிப்புகள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் வாங்கி வந்தோம். தோட்டத்துக் குழாயை ஹீட்டர் முனையில் செருகித் திறந்தபோது துருச் சேறு கொட்டியது. தண்ணீர் தெளியும்வரை நான் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காருக்குள் ஒரு சொட்டும் கசியவில்லை என்று அம்மா தரைவிரிப்பைத் தடவிப் பார்த்தாள். இடையில் அப்பா வீடியோவில் வந்தார். "அண்ணன் சொல்லுதத கேட்டாத்தான் என்ன?" என்றார். அம்மா போனைத் திருப்பி எஞ்சினைக் காட்டினாள். "இதப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க." அப்பா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "அந்தக் கிளிப்ப இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார்.

எல்லாம் மாட்டி முடித்தும் காற்று சில்லென்றே வந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மா மறுபடி வீடியோவை ஓடவிட்டாள். குழாய்க்குள் காற்று அடைத்திருந்தால் தண்ணீர் போகாதாம். எஞ்சின் ஆறியபின் எங்கள் தெருவின் மேட்டில் காரை மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டாள். நான் எட்ட நின்று பார்த்தேன். கூலண்ட் குபுக் குபுக்கென்று குமிழி விட்டு இறங்கியது. அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். குமிழி அடங்கியது. படுத்துக் கிடந்த முள் எழுந்து நடுவில் நின்றது. பிடியைச் சிவப்புக்குத் தள்ளியதும் என் முகத்தில் வெப்பக் காற்று அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கடையநல்லூர்க்காரரோடு வந்தார். நல்ல சாரல்.

"ஓட்டிப் பாக்காம எப்படி? ஏறுங்க" என்று அம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவள் கையில் சாவியைப் பார்த்த பெரியப்பா தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெளியாள் எதிரில் என்ன பேசுவது? ஏறினார். நானும் ஏறினேன்.

கார் ஐந்தருவிச் சாலையில் போனது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அம்மா ஹீட்டரை முழுதாகத் திறந்தாள். முன்கண்ணாடி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மழைத்துளி ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்சீட்டில் பெரியப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது.

"அத அணையேன்மா, வேகுது."

"கண்ணாடி தெரியணும்லா அத்தான்."

ஜன்னலை இறக்கினார். சாரல் முகத்தில் அடித்தது. ஏற்றினார். கார் வாய்க்காலில் இறங்கிய அந்த வளைவில் அம்மா வேகத்தைக் குறைத்து, பதமாகத் திருப்பிக் கடந்து, பிறகு வந்த வழியே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

கடையநல்லூர்க்காரர் இறங்கி பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். "தங்கமா இருக்கே வண்டி. இத ஏன் அண்ணாச்சி விக்கிய?"

"விக்கல" என்றாள் அம்மா. பிறகு பெரியப்பாவிடம் கையை நீட்டினாள். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, குடைகூட வாங்காமல் நடந்தார்.

எனக்குத் தெருவெல்லாம் கூவிச் சொல்ல வேண்டும் போலிருந்தது, என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று. ஆனால் அம்மா இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "வாம்மா" என்று அவள் கையைத் தொட்டேன். கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. பழைய வண்டி, எஞ்சின் அப்படித்தான் அதிரும் என்று நினைத்து, நான் முதலில் உள்ளே ஓடிவிட்டேன்.

அதற்கு முன்பே அவள் எஞ்சினை அணைத்திருந்தாள். அது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.