வீடு பூட்டியிருக்கவில்லை

உங்களில் பலர் செல்வநாயகி அக்காவுடன் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள். வட்டார சுகாதார அலுவலகத்தில் கணினிப் பதிவு செய்யும் நான் அவரை அறிந்தது இரண்டே வருடம். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தவளும் நான்தான். இப்போது எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சிங்காநல்லூரில் பல்லடம் பேருந்துக்காக நின்றிருந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் அக்கா இறந்த செய்தி வந்தது. மாரடைப்பு. கைகூப்பும் படங்களுக்கு நடுவே ஒரு கேள்வி: "நாளைக்குப் புதன்கிழமை. அவங்க ரெண்டு ஊருக்கும் தடுப்பூசி போட யாருங்க?" உடனே ஒரு பதில்: "நான் பாத்துக்கறேனுங்க." பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

இரண்டு ஊரில் ஒன்றுக்குத்தான் அவர் கிராம சுகாதார செவிலியர். பக்கத்து ஊர்ப் பணியிடம் காலியானதும் 'கூடுதல் பொறுப்பு' என்று அதுவும் அவர் தலையில் விழுந்தது. எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு நிதி வேண்டும் என்று கேட்டு வருடந்தோறும் ஒரு படிவம் வருமே, அதில் இரண்டு ஊருக்கும் நேராக அவர் பெயரையே தட்டச்சு அடித்தேன். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கட்டத்தில் பெயர் இருந்தால் ஆள் இருப்பதாகப் பொருள். அதைப் பார்த்துவிட்டு அக்கா என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நா ரெண்டு பேரா? அப்படீன்னா ஒருத்திய எங்கூட்டுக்கு அனுப்பிச்சுடுங்க, சோறாவது ஆக்கட்டும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கட்டத்தக் காலியா உடுங்க கண்ணு. காலியா இருந்தாத்தான் யாரு கண்ணுலயாவது படும்." எனக்குத் துணிவில்லை. பெயரை எடுக்காமலேயே படிவத்தை அனுப்பிவிட்டேன்.

அந்த இரண்டாவது ஊரின் கோழிப்பண்ணையில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டிய நாளில் அக்கா முதல் ஊரில் இருந்தார். மறுவாரம் போனபோது அவளுக்குக் காலும் முகமும் வீங்கியிருந்தன. 108 வண்டியில் ஏற்றிக் கூடவே போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். போகாத நாளுக்கு என்ன எழுதுவோம் என்பது உங்களுக்குத் தெரியும்: 'வீடு பூட்டியிருந்தது.' நானும் அதையே அடிக்கப் போனேன்.

"ஊடு தொறந்துதான் கெடந்துச்சு. நாந்தான் போகல. அப்படியே அடிங்க."

"அதான் பொழச்சுட்டாங்கல்லங்க்கா..."

"அது அவ அதிர்ஷ்டம். அத நம்ம வேலையில சேத்தாதீங்க."

அடித்தேன். ஏன் போகவில்லை என்று விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அந்த மாதக் கூட்டத்துக்கு வந்தார்.

"சமாளிச்சுக்கறீங்கல்ல?" என்று அதிகாரி வழக்கம்போல் கேட்டார். "சமாளிச்சுக்கறோமுங்க" என்றீர்கள் எல்லோரும். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன். அக்கா மட்டும் எழுந்தார்.

"நா சமாளிக்கலீங்க சார். ஒரு ஊருக்குப் போனா இன்னொண்ண உட்டுப்போடறேன்."

"மத்தவங்கெல்லாம் செய்யறாங்களேம்மா?"

"அவங்களும் செய்யலீங்க. மரியாதைக்குச் சொல்றாங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'போகல' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். பூட்டாத வீட்டைப் பூட்டியதாக இனி என் விரல் அடிக்காது.

இந்த வருடப் படிவம் என் திரையில் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். அவர் பெயர் இருந்த இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கின்றன. யார் பெயரையாவது போடு என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். நான் ஒப்பந்த ஊழியர். மூன்றாம் முறை என்ன சொல்வார்கள் என்று தெரியும். போடமாட்டேன்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். 'நான் பாத்துக்கறேனுங்க' என்று குழுவில் பதில் போட்ட அக்கா, உங்கள் நல்ல மனம் எனக்குத் தெரியும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஊர் இருப்பதும் தெரியும். புதன்கிழமைகளில் போங்கள், குழந்தைகளுக்கு ஊசி போடுங்கள். உங்கள் பெயரை மட்டும் அந்தக் கட்டங்களுக்குத் தராதீர்கள்.