லானோ மானும் பதினைந்து வீட்டுப் பிரியாணியும்

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, எங்கள் மாமா ஒரு மானைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் கறிக்குப் பதினைந்து வீட்டை விருந்துக்கு அழைத்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டு ஏ.சி. ரிப்பேர் வேலை பார்த்தார். அந்தக் கோடையில் லானோ என்ற ஊர்ப் பக்கம் ஒரு ராஞ்சில், பெரிய பண்ணையில், வயதான வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஏ.சி.யைச் சரிசெய்து கொடுக்கப் போனார். அந்த மனிதர் மனம் குளிர்ந்து, வேட்டை சீசன் வந்ததும் என் நிலத்தில் ஒரு ஆண் மான் சுட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார். இளம் மானைத் தொடக் கூடாது. குறைந்தது ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும். கொம்பைப் பார்த்து ஏமாந்துவிடாதே, வயிறு தொங்கியிருக்கிறதா, கழுத்து தடித்து மார்போடு ஒன்றாக இருக்கிறதா என்று பார் என்றாராம். கடைசியில் இன்னொன்றும் சொன்னாராம். முதல் வருஷத்தில் அப்படி ஒரு மானைப் பார்த்தாலே பெரிய விஷயம், அதற்கு மேல் ஆசை வைக்காதே. மாமாவின் காதில் இந்தக் கடைசி வார்த்தை மட்டும் ஏனோ ஏறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் கார் பார்க்கிங்கில் நின்று, நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நம்ம வீட்டில் மான் பிரியாணி என்று தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்தே “இன்ஷா அல்லாஹ்”, அல்லாஹ் நாடினால், என்று சேர்த்துக்கொள்வார்கள். மாமா அதைச் சேர்த்து நான் கேட்டதில்லை.

சீசன் தொடங்கிய முதல் வாரம் வெறுங்கையோடு வந்தார். காற்று திரும்பிவிட்டதாம், மனித வாடை மானுக்குப் போய்விட்டதாம். இரண்டாம் வாரம் பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டு மான்கள் பகலில் படுத்துவிட்டன என்றார். மூன்றாம் வாரம் பக்கத்து நிலத்தில் யாரோ டிராக்டர் ஓட்டியிருந்தார்கள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமையும் வந்து போனது. விருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. ஒரு ஆன்ட்டி போனில் அம்மாவிடம், மானுக்கு இன்னும் விசா கிடைக்கலையா என்று கேட்டு அரை மணி நேரம் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில் என் வயதுப் பிள்ளைகளிடம், கொம்போடு போட்டோ கொண்டுவந்து காட்டுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். மாமா வெறுங்கையோடு வரும் ஒவ்வொரு வாரமும் அவருடைய காரணத்தை நான்தான் அங்கே போய் ஒப்பிக்க வேண்டியிருந்தது. டிராக்டர் கதையை யாரும் நம்பவில்லை.

நாலாவது தடவை நிஜமாகவே முதிர்ந்த மான் ஒன்று அவர் எதிரில் வந்து நின்றிருக்கிறது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேட்டையாடுகிறவன் விசையை அழுத்தும்போது வாயால் பிஸ்மி, அதாவது அல்லாஹ்வின் பெயரைச் சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் அந்தக் கறி ஹலால். மறந்துபோய் விட்டிருந்தால் அல்லாஹ் மன்னிப்பான், கறியும் ஆகும். தெரிந்தே விட்டால் ஆகாது. எங்களுக்குச் சின்னதிலேயே சொல்லிக் கொடுத்தது இது. மாமாவோ பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற ஆள். மெதுவாகச் சொல்ல அந்தத் தொண்டைக்குத் தெரியாது. அவர் பிஸ்மி சொன்னதும் மான் ஒரே தாவு.

வீட்டுக்கு வந்து, பிஸ்மி சத்தத்தில்தான் ஓடிவிட்டது, இல்லையென்றால் விழுந்திருக்கும் என்றார். என் அப்பாவை அத்தா என்போம். கோபப்படாத மனிதரான அத்தா அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

“காத்து மேல சொன்ன, நெலா மேல சொன்ன, சரி. பிஸ்மி மேலயுமா மாப்ள?”

மாமா எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் டிசம்பர் லீவு விட்டிருந்தது. விருந்துக்கு இனித் தள்ளிப்போட இடமில்லாமல் ஒரு சனிக்கிழமை குறித்தாகிவிட்டது. அம்மா அரிசி வாங்கி, பிரியாணி ஆக்கப் பெரிய தேக்சா ஒன்றும் இரவல் வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை, மாமா கடைசியாக ஒரு தடவை வேட்டைக்குப் போவதாக இருந்தார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். ஜும்ஆவுக்குள் வந்துவிட வேண்டும், சத்தம் போடக் கூடாது என்ற பேச்சில் விட்டார்கள். விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம்.

ராஞ்சில் நாலு மரக்கால் மேல் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. மானின் கண்ணில் படாமல் மறைந்திருக்கிற இடம், பிளைண்ட் என்பார்கள். உள்ளே இரண்டு நாற்காலி, சுற்றிலும் சின்ன ஜன்னல். குளிரில் பல் தந்தியடித்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மான் வந்தது. அதன் கொம்பு இருக்கிறதே, இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது, அவ்வளவு அழகு. நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் தலையை ஆட்டினார். “சின்னப் பிள்ளைம்மா அது” என்று காதில் சொன்னார். அதே நிமிஷத்தில் சுட்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். அது நிதானமாக மேய்ந்துவிட்டுப் போனது.

அப்புறம்தான் அது வந்தது. கொம்பு சுமார்தான். ஆனால் வயிறு தொங்கி, கழுத்து தடித்து, நடையே வேறாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் நின்று தலையைத் தூக்கி நேராக எங்கள் பக்கம் பார்த்தது. மாமா துப்பாக்கியை எடுத்தார். நான் மானைப் பார்க்கவில்லை, மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொண்டை எப்படி மெதுவாகப் பிஸ்மி சொல்லப்போகிறது என்று வேடிக்கை பார்க்கத்தான். மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது. உதடு ஒட்டியபடியே இருந்தது. வெடி வெடித்தது.

மான் கொஞ்சம் ஓடி விழுந்தது. மாமா ஏணியில் பாதியிலேயே குதித்து, கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னாலேயே போனபோது மான் அசையவில்லை. மாமா அதன் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தார். பிறகு கத்தியை உறையில் போட்டார். நான் குதித்துக் கைதட்டினேன். அவர் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ராஞ்ச்காரர் வந்து பல்லைப் பார்த்து, ஆறு வயதுக்குக் குறையாது என்று மாமாவின் முதுகில் தட்டினார். போட்டோ எடுத்தோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அத்தாவும், கறி வெட்ட உதவிக்கு வந்த சிநேகிதர் ஒரு பாயும் கத்திகளைத் தீட்டி வைத்துக் காத்திருந்தார்கள். அத்தா மானைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்கள். முகமெல்லாம் சந்தோஷம். சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்கள்.

“பிஸ்மி சொன்னியா மாப்ள?”

அந்த நேரத்தில் எனக்கு மதரஸா, போட்டோ, தேக்சா எல்லாம் ஒன்றாக மனசில் வந்தது. முந்திக்கொண்டு சொன்னேன்.

“மாமா மறந்துட்டாங்க அத்தா.”

பாய் உடனே, மறதிக்குக் குற்றமில்லை, இறக்குங்க என்று கத்தியை எடுத்தார்.

“மறக்கல மச்சான்” என்றார் மாமா. “ஞாபகம் இருந்துச்சு. சொன்னா ஓடிடும்னு வாய மூடிக்கிட்டேன். உயிரோட புடிச்சு, பிஸ்மி சொல்லி அறுத்துடலாம்னு ஓடினேன். முடியல.”

பாய் விடவில்லை. உதட்டுக்குள்ளே சொல்லியிருப்பே தம்பி, நல்லா யோசிச்சுப் பாரு என்றார். யோசிக்க ஒண்ணுமில்ல பாய், சொல்லல என்றார் மாமா.

வாசல்படியில் நின்ற அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தா கத்திகளைத் துணியில் சுற்றினார்கள்.

ஜும்ஆ முடிந்து வந்து, மாமா ராஞ்ச்காரருக்குப் போன் செய்தார். கொண்டுவா, என் மகள் வீட்டில் சாப்பிடுவார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு மாமா மாடிப்படியில் உட்கார்ந்து பதினைந்து வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் பேசினார். நான் மேல்படியில் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். காற்று, நிலா, டிராக்டர் எதுவும் வரவில்லை.

“மான் கெடச்சுது. ஹலாலா சுடல, என் தப்பு. நாளைக்கு ஆட்டுக்கறிதான். இன்ஷா அல்லாஹ், எல்லாரும் வந்துருங்க.”

பதினைந்து தடவையும் இதே பேச்சு. சிலர் சிரித்தது மேல்படி வரை கேட்டது.

இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மார்க் குறைந்தால் டீச்சர் மேல், பஸ் போனால் டிரைவர் மேல் சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அன்றைக்கு என் மனசு இருந்த இருப்பை நினைத்து வெட்கப்படுகிறேன். எனக்கு மாமா மேல் அப்படி ஒரு ஆத்திரம். நான் கையில் எடுத்துக் கொடுத்த ஒரு வார்த்தையை, ஒரே ஒரு வார்த்தையை, அந்த மனிதர் வாங்கிக்கொள்ளவில்லையே.

லானோவுக்குப் போய் மானை இறக்கிவிட்டு மாமா திரும்பியபோது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம். கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, அத்தாவுக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்றார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஜமாஅத்தாகத் தொழும்போது எப்போதும் அத்தாதான் முன்னால் நின்று தொழவைப்பார்கள். மதிப்புள்ளவருக்கு விட்டுக்கொடுக்கிற இடம் அது. அன்றைக்கு அத்தா பின்னால் வந்து மாமாவின் தோளைப் பிடித்தார்கள்.

“முன்னால நில்லு மாப்ள.”

மாமா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அத்தா விடவில்லை, முன்னால் விரித்திருந்த தொழுகை விரிப்பு, முஸல்லா வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, தான் வந்து அவர் பின்னால் நின்றுகொண்டார்கள். மாமா தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். அந்தப் பாங்குத் தொண்டை அன்றைக்கு ஓதும்போது இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தது.

அம்மாவும் நானும் பின் வரிசையில் இருந்தோம். இங்கே வருவதற்கு முன் மூன்றாம் வகுப்பு வரை நான் திண்டுக்கல்லில் படித்தவள். தப்புச் செய்த பிள்ளையை அங்கே எல்லோர் பார்வையிலும் படும்படி வகுப்புக்கு முன்னால் நிறுத்துவார்கள். அத்தாவும் அதைத்தான் செய்கிறார்கள், மாமாவுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, திருப்தியோடு நான் ஸஜ்தாவில் தரையில் தலையை வைத்தேன்.